இசக்கிசெல்வி கட்டிய ஷெட்

செந்தூர்வேல் தன் மனைவியைக் கண்டு முதன்முதலில் வாயடைத்துப் போனது, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துத்தான். அதுவரைக்கும் அவளை முழுக்கத் தெரியும் என்றே நினைத்திருந்தான்.

அவன் தூத்துக்குடி ஹார்பரில் ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து இறங்கும் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு மதுரை, திருப்பூர், சில நேரம் பெங்களூர் வரைக்கும் போவான். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வீடு. வீடு கொற்கைக்கும் ஏரலுக்கும் நடுவில், வாழைத் தோட்டங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன ஊரில். அவன் மனைவி இசக்கிசெல்வி ஏரலில் சிவபாலன் அண்ணாச்சியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒன்பது வருஷமாகக் கவுண்டரில் நின்றாள். யாராவது வந்து, "வண்டி மேடு ஏற மாட்டேங்கு, என்ன வாங்கணும்னு தெரியல" என்று தலையைச் சொறிந்தால், இரண்டு கேள்வி கேட்பாள். பிறகு உள்ளே போய்ச் சரியான சாமானைக் கொண்டுவந்து வைப்பாள். எந்தச் சாமான் எந்த வண்டிக்கு என்பது அவள் விரலுக்கே தெரியும். ஆனால் ஒரு வண்டியை அவள் கழற்றிப் பூட்டினதில்லை. பத்தாம் வகுப்பு படித்துவிட்டுக் கடையில் நிற்கிற பொம்பளையிடம் அதை யாரும் கேட்டதும் இல்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில், மார்கழி பிறந்த அன்றைக்குப் பெய்யத் தொடங்கிய மழையில் ஆறு கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. செந்தூர்வேல் அப்போது மதுரைப் பக்கம் மாட்டிக்கொண்டான். ரோடு அறுந்து கிடந்தது, போனும் எடுக்கவில்லை. நான்காம் நாள், பாதி வழி ஒரு டிராக்டரிலும் மீதி வழி முழங்கால் சகதியிலுமாக ஊர் வந்து சேர்ந்தான். வீடு இருக்குமா, அவள் இருப்பாளா என்ற பயத்தில் வழியில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வீடு நின்றது. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. முற்றத்தில் பதினேழு பைக்குகள் வரிசையாக நின்றன. நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்து, இசக்கிசெல்வி ஒரு பழைய மொபெட்டின் அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் கறுப்பு. வாயில் ஒரு சின்ன டார்ச்.

"ஏளா, என்ன செய்யுத?"

டார்ச்சை எடுத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனால் எழுந்து வரவில்லை.

"வந்துட்டியளா. அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை இங்கன எடுத்துக் குடுங்க. விட்டா ஆயில் எல்லாம் மண்ணுல போயிரும்."

நடந்தது இதுதான். வெள்ளம் வடிந்ததும் அவள் தன் ஸ்கூட்டரைத் தானே திறந்து பார்த்திருக்கிறாள். ஏரலில் இருந்த மெக்கானிக் கடைகள் எல்லாம் தண்ணீருக்குள். அண்ணாச்சி கடையும் போயிற்று. இஞ்சின் ஆயிலை இறக்கினால், பால் அதிகம் விட்ட டீ மாதிரி வந்திருக்கிறது. தண்ணீர் கலந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, மண்ணெண்ணெய் விட்டு அலசி, புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கி, மூன்றாம் தடவை ஊற்றின பிறகு வண்டி கனைத்து எழுந்திருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது.

பொங்கலுக்குள் நூறு வண்டி, மாசிக்குள் இருநூறு. அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் முற்றத்தில் வேறு வேறு வண்டிகள் நிற்கும். எவ்வளவு வண்டி இவள் கையில் உயிர் பெற்றுப் போகிறது என்று அவன் நின்று எண்ணிப் பார்ப்பான். இதெல்லாம் இத்தனை வருஷம் இவளுக்குள் எங்கே இருந்தது?

கடை மறுபடி திறந்ததும் அண்ணாச்சி கூப்பிட்டார். அவள் போகவில்லை. "சாமான் விக்கத்துக்கு ஆள் கெடைக்கும் அண்ணாச்சி. நான் இங்கனயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வருஷம் வெயிலிலும் மழையிலும் தார்ப்பாய்க்குக் கீழேயே வேலை ஓடியது. பிறகு ஒரு நாள் சோறு பரிமாறும்போது சொன்னாள்:

"ஒரு ஷெட்டு போடணுங்க. தரையைச் செவத்துல இருக்க அந்தச் சேத்துக் கோட்டுக்கு மேல தூக்கணும்."

செந்தூர்வேலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "போட்டுருவோம். நாலு தூணு, மேல தகர ஷீட்டு. நடுவுல ஹார்பர்ல இருக்கே, அந்த மாதிரி ஒரு பெரிய லைட்டு. பகல் மாதிரி எரியும் பாத்துக்கோ."

"கரண்டு யாரு கட்டுவா?" என்று கேட்டுவிட்டு அவள் குழம்பை ஊற்றினாள்.

போன வருஷம் மாசி மாதம் சுடலைக்கண்ணன் கொத்தனார் வந்து நூல் பிடித்தார். ஆறு தூண், ஆறு குழி. முதல் குழி நான்கடி போனதும் கடப்பாரை 'கறுக்' என்றது. கொத்தனார் குனிந்து, ஒரு கை மண்ணை அள்ளி மேலே வீசினார். வெயிலில் அது மின்னியது.

மண்ணில்லை. சிப்பி.

செந்தூர்வேல் அன்றைக்கு வீட்டில் இருந்தான். குழிக்குள் எட்டிப் பார்த்தான். கறுப்பு மண்ணுக்குக் கீழே வெள்ளையாக ஓர் அடுக்கு ஓடியது. உடைந்த சிப்பி, முழுச் சிப்பி, விரல் நீளச் சங்கு, பூச்சி அரித்த பவளத் துண்டு. இரண்டாம் குழியிலும் அதே ஆழத்தில் அதே அடுக்கு. ஆறு குழியிலும் அப்படித்தான். யாரோ ஒரு பெரிய வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் ஊரை வைத்த மாதிரி.

கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே. சுற்றிலும் வாழை. கொற்கையில் ஒரு காலத்தில் கப்பல் வந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். படித்தது வேறு, தன் வீட்டு முற்றத்தில் நாலடிக்குக் கீழே அதைத் தொட்டுப் பார்ப்பது வேறு. தினமும் கப்பலுக்கு அடியில் போய் லாரியை நிறுத்துகிறவன் அவன். இப்போது தன் காலுக்கு அடியிலேயே கடல் கிடந்திருக்கிறது என்றதும், நிற்கிற இடம் லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது.

இசக்கிசெல்வி குழிக்குள் இறங்கிவிட்டாள். ஒரு முழுச் சிப்பியை எடுத்து, புடவை முந்தியால் துடைத்து, உள்பக்கத்தைத் திருப்பினாள். பழுப்பேறிய வெள்ளைக்குள் இன்னும் ஒரு நீல மினுக்கம் மிச்சம் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"கொத்தனாரே, குழியை மூடாதிய. யாராவது படிச்சவங்க பாக்கட்டும்."

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் மண்ணியல் சொல்லிக்கொடுக்கிற கிருபாகரன் சார் தன் வண்டியை அவளிடம் பழுது பார்க்க விடுகிறவர். போன் போட்டதும் மறுநாளே வந்தார். ஆறு குழியிலும் இறங்கி ஏறினார். பானை ஓடு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் கிண்டிக் கிண்டித் தேடினார். மேலே வந்தபோது பேன்ட் எல்லாம் சகதி, முகமெல்லாம் சிரிப்பு.

"ஓடு ஒண்ணும் இல்லம்மா. மனுசன் போட்டதில்ல இது. கடலே போட்டுட்டுப் போயிருக்கு."

"எப்ப போட்டுச்சு சார்?"

"சரியா சொல்லணும்னா சோதிக்கணும். ரெண்டாயிரம் வருசமோ, மூவாயிரமோ, அதுக்கும் மேலயோ. கடல் இங்கனதான் இருந்துச்சு. ஆறு மண்ணைக் கொண்டாந்து கொண்டாந்து கொட்டி, அதைத் தள்ளிவிட்டுருச்சு."

சோதனைக்கு ஒரு பை எடுத்துக்கொண்டார். மீதியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். குழிகளிலிருந்து வந்த சிப்பி ஒரு பக்கம் குவியலாகக் கிடந்தது. அதை மண்ணோடு போட்டு மிதிக்க இசக்கிசெல்விக்கு மனசில்லை. சலித்து, கழுவி, மூட்டையாகக் கட்டி, தூத்துக்குடிப் பக்கம் சிப்பியைச் சுட்டு நீற்றும் ஒரு சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பினாள். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பாகத் திரும்பி வந்தது.

தூண் ஏறியது, தரை உயர்ந்தது, மூன்று பக்கம் சுவர் எழுந்தது. கூரைக்குத் தகர ஷீட். நடுநடுவே வெளிச்சம் விடுகிற ஃபைபர் ஷீட் மூன்று. மூன்றையும் வடக்குச் சரிவில் போடச் சொன்னாள். தெற்கில் போட்டால் வெயில் நேரே இறங்கி வேலை செய்கிறவன் முதுகைச் சுடும், வடக்கென்றால் வெளிச்சம் வரும், சூடு அவ்வளவாக வராது என்று அவள் கணக்கு. கொத்தனார் யோசித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

ஆனி மாதக் காற்று அதை விட்டுவைக்கவில்லை. ஒரு மத்தியானம் மூன்று ஃபைபர் ஷீட்டையும் பிய்த்து வாழைத் தோட்டத்துக்குள் எறிந்தது. இரண்டு பிளந்துவிட்டன. செந்தூர்வேல் அன்று ஓசூரில் இருந்தான். போனில் அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"போனது போகட்டும். ஆணி அடிச்ச இடத்துல பெரிய ஓட்டையா இருந்திருக்கு. காத்து உள்ள பூந்து தூக்கிருச்சு."

அடுத்த முறை அவன் வந்து பார்க்கையில் புது ஷீட்டுகள் ஏறியிருந்தன. ஒவ்வொரு திருகாணிக்கும் அடியில் வட்டமாக வெட்டின ஒரு ரப்பர் துண்டு. பழைய டயர் டியூபை அவளே வெட்டியிருக்கிறாள். ஏணியில் ஏறி முறுக்கியதும் அவளே. அன்று மாலையும் காற்று வீசியது. கூரை முனகக்கூட இல்லை. அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். இந்தப் பெண்ணிடம் இனிமேல் 'உனக்குத் தெரியுமா' என்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போகவே கூடாது என்று தோன்றியது.

சுண்ணாம்பு மூன்று பூச்சு. காய்ந்ததும் சுவர் கண்ணைக் கூச வைத்தது. பகலில் ஷெட்டுக்குள் சுவிட்சே தேவைப்படவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் வெளிச்சம் போதாமல் போனது.

அதற்கு அவள் ஏற்கெனவே சாமான் சேர்த்து வைத்திருந்தாள். வெள்ளத்தில் செத்து, சொந்தக்காரர்களே வேண்டாம் என்று விட்டுப்போன வண்டிகள் பத்துப் பன்னிரண்டு கொல்லையில் கிடந்தன. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றின் ஹெட்லைட்டையும் கழற்றித் துடைத்துவிட்டாள். பழைய பல்பை எடுத்துவிட்டு, கரண்டு கொஞ்சமாக இழுக்கும் எல்.இ.டி. பல்ப் மாட்டினாள். கூரை மேல் ஒரு சோலார் தகடு, கீழே ஒரு பேட்டரி. ஆனால் விளக்கை எங்கே மாட்டுவது என்பதில்தான் சிக்கல்.

ஒரு சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். நடுவில் ஒரு பைக்கை ஸ்டாண்டு போட்டு, அதன் முன்னால் அவள் குந்தினாள். கையில் ஸ்க்ரூடிரைவர். செந்தூர்வேலிடம் ஒயரோடு ஒரு ஹெட்லைட்.

"மேல பிடிங்க. இன்னும் கொஞ்சம் வலது. ம்ஹூம், என் தலை நிழல் விழுது. இடது பக்கம் வாங்க. இப்பக் கை நிழல்."

எங்கே நிழல் விழுகிறதோ அங்கெல்லாம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். அரை மணி நேரத்தில் தரை முழுக்கக் கோடு. எங்கே பிடித்தாலும் ஒரு நிழல் இஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. விளக்கை அருகில் கொண்டுவந்தால் கண் கூசியது.

"கை கடுக்குது ளா. நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, சுவிட்சைத் தேடி அவன் திரும்பினான். கையிலிருந்த விளக்கும் திரும்பியது.

ஷெட் நிறைந்துவிட்டது.

விளக்கின் ஒளி நேராகச் சுண்ணாம்புச் சுவரில் அடித்து, அங்கிருந்து பரந்து திரும்பி வந்தது. பால் பொங்கிப் பரவுகிற மாதிரி, மூலை, முடுக்கு, வண்டியின் அடி, பைக்கின் கம்பிக்குக் கம்பி என்று எல்லாவற்றையும் தொட்டது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சம். அவள் கையை நீட்டினாள். இஞ்சின் மேல் நிழலே இல்லை, இருந்தும் இல்லாத மாதிரி ஒரு சின்ன மங்கல்தான்.

"அப்படியே நில்லுங்க. அசையாதிய."

அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றான். ஏழு வாட்ஸ் பல்ப், செத்துப்போன ஒரு வண்டியின் ஹெட்லைட். ஹார்பரில் கோபுரம் கோபுரமாக நிற்கிற விளக்குகளை அவனுக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தில் வாழ்க்கையில் பாதியை ஓட்டியவன். ஆனால் இப்படி ஒரு வெளிச்சத்தை அவன் கண்டதில்லை. கோவில் கருவறையில் திரை விலகுகிற நேரம் மாதிரி இருந்தது.

விளக்கை இறக்காமலே அவன் பேசினான். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று.

"ஹார்பர்ல ஒரு நாள் ஒரு ஆள் மேல வண்டியை ஏத்தியிருப்பேன் செல்வி. சுத்தி அம்புட்டு லைட்டு. அந்த லைட்டாலயே கண்டெய்னருக்குப் பின்னால கன்னங்கரேல்னு நிழல். அவன் அதுக்குள்ள நின்னு கயிறு கட்டிக்கிட்டு இருந்தான். ரிவர்ஸ் எடுக்கேன். கடைசி நிமிசத்துல அவன் பீடி நெருப்பு தெரிஞ்சுது. அது மட்டும் இல்லன்னா..."

அவள் எழுந்து வந்து அவன் கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொண்டாள். "இவ்வளவு நாளா ஏன் சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெளிச்சம் படர்ந்த சுவரையே பார்த்து நின்றாள்.

ஆவணியில் வேலை முடிந்தது. ஷெட்டின் நடுவே நீளவாக்கில் ஓர் இரும்புக் குழாய். அதில் எட்டு ஹெட்லைட்டுகள், நான்கு வடக்குச் சுவரைப் பார்த்து, நான்கு தெற்குச் சுவரைப் பார்த்து. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச். வேலை நடக்கிற பக்கம் மட்டும் இரண்டு எரியும். எட்டையும் போட்டாலும் ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கிற அளவுதான். முதல் நாள் சாயங்காலம் எட்டையும் போட்டுக் காட்டினாள். தெருவில் இருந்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. சுடலைக்கண்ணன் கொத்தனார் தான் கட்டின சுவரையே தடவித் தடவிப் பார்த்தார். "நாந்தான் கட்டுனேனா இதை?" என்று வாய்விட்டுக் கேட்டார்.

அதன் பிறகு சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டிகள் வரத் தொடங்கின. ஆழ்வார்திருநகரியிலிருந்து இரண்டு டீச்சர்மார் தங்கள் ஸ்கூட்டரை அவளிடம் மட்டும்தான் விடுகிறார்கள்.

இந்த வருஷம் தை மாதம், ஒரு மத்தியானம். செந்தூர்வேல் லீவில் இருந்தான். ஒரு லோடு ஆட்டோ வந்து ஷெட் வாசலில் நின்றது. அதிலிருந்து இறங்கியவள் கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு நடுவயதுப் பெண். புன்னைக்காயலிலிருந்து வருவதாகவும் பெயர் எமில்டா என்றும் சொன்னாள். ஆட்டோவுக்குப் பின்னால் சாக்குக்குள் நீளமாக என்னவோ படுத்துக் கிடந்தது.

"வள்ளத்து இஞ்சின் அக்கா. வீட்டுக்காரர் பர்னபாஸ் அஞ்சு நாளா கடலுக்குப் போகல. தூத்துக்குடியில பத்து நாள் ஆகும்னு சொல்லிட்டாங்க. பைக்குக் கடைன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாப்போமேன்னு..."

செந்தூர்வேல் மனைவியின் முகத்தைப் பார்த்தான். படகு இஞ்சினை அவள் தொட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியும். இசக்கிசெல்வி சாக்கை விலக்கி, அடியில் இருந்த இறக்கையைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"இஞ்சின்தானே. எறக்குங்க."

அன்று பொழுது சாயும்வரை அவள் அந்த இஞ்சினை விட்டு எழவில்லை. கழற்றிய ஒவ்வொரு சாமானையும் வெள்ளைத் துணியில் கழற்றிய வரிசையிலேயே வைத்தாள். கார்புரேட்டருக்குள் உப்பு பூத்திருந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகும் அவள் விடவில்லை, அடிப் பக்கத்தையும் திறந்தாள். உள்ளே தண்ணீரை இழுத்து இஞ்சினைக் குளிர வைக்கும் ரப்பர் சக்கரம் ஒன்று. அதன் இதழ்களில் மூன்று கிழிந்திருந்தன. "இதுதான். இது இல்லாம ஓட்டுனா சூடாகி நின்னுரும்" என்று எமில்டாவிடம் காட்டினாள். எமில்டா அதையே கையில் பொத்திக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய், மறுநாள் காலை புதுசோடு வந்தாள். கூடவே பர்னபாஸும் வந்தார். கடல் காற்றில் கறுத்து வற்றிய மனிதர். நம்பிக்கை இல்லாத முகத்தோடு ஓரமாக நின்றார்.

பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் இஞ்சினை மாட்டினார்கள். இசக்கிசெல்வி கயிற்றைச் சுற்றி இழுத்தாள். இல்லை. மறுபடி இழுத்தாள். ஒரு இருமல். மூன்றாம் இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. டிரம்முக்குள் தண்ணீர் சுழன்று, விளிம்பைத் தாண்டித் தரையெல்லாம் சிதறியது. மற்ற மூவரும் பின்னால் குதித்தார்கள். அவள் மட்டும் குனிந்து இஞ்சினின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னத் துளை. புது ரப்பர் சக்கரம் தண்ணீரை இழுத்தால், அதிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்ணீர்க் கம்பி பீய்ச்சிக்கொண்டு வெளியே வரவேண்டும்.

வந்தது. வளைந்து, விடாமல் வந்தது.

பர்னபாஸ் ஓரத்திலிருந்து முன்னால் வந்து, அந்தத் தண்ணீருக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினார். "தண்ணி தள்ளுதே! ஏய் எமில்டா, தண்ணி தள்ளுது பாரு!"

செந்தூர்வேலின் சட்டை நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தது. சத்தத்தில் எதுவும் பேச முடியாது. இசக்கிசெல்வி அவன் பக்கம் திரும்பி, தண்ணீர் வழிந்த முகத்தோடு, சத்தமாகக் கத்தினாள்:

"என்னங்க, இனி வள்ளத்து இஞ்சினும் வரும், இன்னொரு டிரம்மு வாங்கணும் போலிருக்கே!"